வீட்டில் பல்தட ஒலிப்பதிவு: வெளி ஒலிகளைச் சரியாக இணைப்பது எப்படி?

திருவனந்தபுரம்: பாடகரின் குரல், வீணை, கைப்பேசியின் தம்புரா செயலி, பல ஆண்டுகளுக்கு முந்தைய கேசட் ஆகிய நான்கையும் மேசை மீது வைக்கும் ஒரே கருவியில் வீட்டிலேயே பதிவுசெய்ய இன்று இயலும். ஆனால், கருவியின் விலையைக் காட்டிலும், ஒவ்வோர் ஒலியும் அதற்குள் எந்த உள்ளீடு வழியாக, எந்த அளவில் நுழைகிறது என்பதே பதிவின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இணைப்பில் நேரும் பிழைகள் பலவற்றைப் பின்னர் முழுமையாகச் சரிசெய்ய முடிவதில்லை.

கூடங்களிலிருந்து வீட்டிற்கு

திருவனந்தபுரத்தில் 1943-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திருவிதாங்கூர் வானொலி, 1950-இல் அகில இந்திய வானொலியின் பகுதியானது. 1975-இல் உருவான கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் சித்ராஞ்சலி படப்பிடிப்பு நிலையம் நகரை ஒட்டிய திருவல்லத்தில் அமைந்தது. பாடகர் கே.ஜே. யேசுதாஸ் 1980-இல் இந்நகரில் தரங்கிணி நிறுவனத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் குரலையும் கருவிகளையும் தனித்தனித் தடங்களில் பதிவுசெய்வது பெரும்பாலும் இத்தகைய ஒலிப்பதிவுக் கூடங்களிலேயே இயன்றது.

அமெரிக்க கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1957-இல் எட்டுத் தட நாடாக் கருவியைத் தம் வீட்டில் நிறுவினார். ஜப்பானின் டாஸ்காம் நிறுவனம் 1979-இல் சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைப் பதியும் போர்ட்டாஸ்டூடியோ கருவியை அறிமுகப்படுத்தியது. வீட்டுப் பல்தடப் பதிவு பரவலானது அதன் பின்னரே.

ஒவ்வோர் ஒலியும் தனித் தடத்தில் இருந்தால், மிருதங்கத்தின் ஒலியைத் தொடாமல் குரலை மட்டும் உயர்த்தலாம். தம்புராவை மட்டும் குறைக்கலாம். இதுவே பல்தடப் பதிவின் அடிப்படைப் பயன். பாடகர் தம்புராவை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டு பாடினால் அது குரல் மைக்கிலும் புகுந்துவிடும். எனவே ஹெட்போனில் கேட்டுப் பாடுவதே முறை.

மின் அளவு வேறுபாடு

வெளியிலிருந்து வரும் ஒலி மின்சமிக்ஞைகள் அனைத்தும் ஒரே அளவினவல்ல. மைக்கிலிருந்து வருவது பொதுவாகச் சில மில்லிவோல்ட் மட்டுமே. இசைத்தட்டுக் கருவியின் ஊசி தருவதும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆயினும் அதற்கெனத் தனி முன்பெருக்கி தேவை. கேசட் டெக், கீபோர்டு போன்ற வீட்டுக் கருவிகளின் லைன் வெளியீடு சுமார் 0.3 வோல்ட், தொழில்முறைக் கருவிகளில் இது சுமார் 1.2 வோல்ட்.

லைன் வெளியீட்டை மைக் உள்ளீட்டில் செருகினால் ஒலி உடைந்து கரகரக்கும். மைக்கை லைன் உள்ளீட்டில் செருகினால், ஒலியை உயர்த்தும்போது இரைச்சலும் சேர்ந்து உயரும்.

வீணையிலும் வயலினிலும் ஒட்டப்படும் பீசோ வகைப் பிக்கப்புகளுக்கு மற்றொரு தேவை உண்டு. அவற்றின் மின்மறுப்பு மிக அதிகம். சில ஆயிரம் ஓம் மட்டுமே கொண்ட மைக் உள்ளீட்டில் நேரடியாக இணைத்தால் கீழ்ஸ்தாயி ஒலிகள் மெலிந்துவிடும். பல கருவிகளில் கிட்டார் அல்லது ஹை-இசட் என்று குறிக்கப்பட்டுள்ள, சுமார் பத்து லட்சம் ஓம் கொண்ட உள்ளீடே இதற்கு உரியது. அது இல்லாவிடில் டிஐ பாக்ஸ் எனப்படும் இடைக்கருவியைப் பயன்படுத்தலாம்.

கண்டன்சர் மைக்குகளுக்குத் தேவைப்படும் 48 வோல்ட் பேண்டம் மின்சாரத்தை, பிற கருவிகளை இணைக்கும்போது நிறுத்திவிட வேண்டும். சில கருவிகள் அதனால் பழுதடையக்கூடும்.

காணாமல் போகும் தம்புரா

கைப்பேசியை இணைக்கும்போது பலரையும் குழப்பும் பிழை ஒன்று உண்டு. ஹெட்போன் வெளியீட்டில் இடம், வலம் என இரு ஒலிகள் உள்ளன. ஆனால் பேலன்ஸ்டு வகை உள்ளீடு, தன்னிடம் வரும் இரு கம்பிகளின் வேறுபாட்டை மட்டுமே ஒலியாக எடுத்துக்கொள்ளும். மூன்று தொடுமுனை கொண்ட ஸ்டீரியோ கேபிளால் இவ்விரண்டையும் நேரடியாக இணைத்தால், இரு பக்கமும் ஒரே மாதிரி ஒலிக்கும் தம்புரா தன்னைத் தானே கழித்துக்கொண்டு ஏறக்குறைய மறைந்துவிடும். பாடலைச் செலுத்தினால் நடுவில் உள்ள குரல் மங்கிப் பக்கவாத்தியம் மட்டும் எஞ்சும்.

ஸ்டீரியோ வெளியீட்டை இரண்டு மோனோ செருகிகளாகப் பிரிக்கும் கேபிளைப் பயன்படுத்தி, ஒவ்வொன்றையும் தனி உள்ளீட்டில் இணைப்பதே இதற்குத் தீர்வு. பதிவின்போது கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்தால், அழைப்புகளும் அறிவிப்பு ஒலிகளும் குறுக்கிடாது.

இரைச்சலும் பாதுகாப்பும்

கேபிளைச் செருகியவுடன் கேட்கும் தொடர்ச்சியான "ம்ம்" ஓசை, பெரும்பாலும் இரு கருவிகள் வெவ்வேறு இடங்களில் நில இணைப்புப் பெறுவதால் எழுகிறது. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஓசையும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் கேட்கும். எல்லாக் கருவிகளையும் ஒரே மின்பலகையில் இணைப்பது முதல் தீர்வு. அதிலும் தீராவிடில், மின்மாற்றி கொண்ட டிஐ பாக்ஸ் உதவும். பிளக்கின் நில இணைப்பு முனையை அகற்றுவது உயிருக்கே ஆபத்தானது. அதை ஒருபோதும் செய்யக்கூடாது.

கேரளத்தில் கோடை மழையின்போதும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் இடி மின்னல் அதிகம். அவ்வேளைகளில் பதிவை நிறுத்தி, கருவிகளின் பிளக்குகளைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு.

எவ்வளவு உயர்த்துவது?

டிஜிட்டல் பதிவில் பூஜ்ஜியம் டெசிபல் என்பதே உச்ச வரம்பு. அதைத் தாண்டும் ஒலி வெட்டுண்டுபோகும். பாடகர் மிக உரத்துப் பாடும் இடத்தைச் சோதித்து, அளவுகாட்டி மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்குமாறு அமைத்தால் போதுமானது. 24 பிட் பதிவில் அதனால் தரம் குறைவதில்லை.

கணினி வழியாகப் பதிவுசெய்வோர் தாமதத்தையும் கவனிக்க வேண்டும். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் பதிவில், 256 மாதிரிகள் கொண்ட இடைச்சேமிப்பு ஒன்று சுமார் 5.3 மில்லிநொடித் தாமதத்தை உண்டாக்கும். ஒலி காற்றில் ஆறு அடி கடக்கும் நேரம் அது. உள்ளே செல்லும்போதும் வெளியே வரும்போதும் இது சேர்வதால், கருவியிலிருந்தே நேரடியாகக் கேட்கும் வசதியைப் பயன்படுத்துவது நல்லது.

கேசட்டுகளுக்கு அவகாசம் குறைவு

வீடுகளில் உள்ள குருநாதர்களின் பாடங்களும் கச்சேரிகளும் அடங்கிய கேசட்டுகள், ஈரப்பதம் மிகுந்த கடலோரக் காலநிலையில் பூஞ்சை பிடித்து அழிந்துவருகின்றன. பூஞ்சை படிந்த நாடாவை அப்படியே ஓட்டினால், அது டெக்கையும் அடுத்த கேசட்டையும் பாதிக்கும். முதலில் நாடாவைச் சுத்தம் செய்ய வேண்டும். டெக்கின் காந்தத் தலையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்து, லைன் வெளியீட்டிலிருந்து பல்தடக் கருவியின் இரு லைன் உள்ளீடுகளுக்கு இணைக்க வேண்டும்.

சுருதியையும் சரிபார்ப்பது அவசியம். டெக் சுமார் 6 விழுக்காடு வேகமாக ஓடினால், ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடியதாகக் கேட்கும். இந்த வேறுபாட்டைப் பின்னர் கணினியில் திருத்திவிடலாம். ஆனால், உள்ளீட்டில் வெட்டுண்ட ஒலியை அவ்வாறு மீட்க இயலாது. நலிந்த நாடா மறுமுறை ஓடும் என்ற உறுதியும் இல்லை. ஆகவே, கேசட்டை ஓட்டும் முன்பே இணைப்பையும் அளவையும் வேறொரு நாடாவில் சோதித்துக்கொள்வதும், பதிவானதை இரு வேறு இடங்களில் சேமித்து வைப்பதும் இன்றியமையாதவை.