பழைய கீசரை மாத்தப் போறீங்களா? 'ஹீட் பம்ப்' வாங்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க!

பத்து வருஷம் ஓடிய கீசர் ஒழுக ஆரம்பித்தால், அதே மாதிரி இன்னொன்றை வாங்கி மாட்டுவதுதான் வழக்கம். இப்போது 'ஹீட் பம்ப்' வாட்டர் ஹீட்டரும் கிடைக்கிறது. கரன்ட் மூன்றில் ஒரு பங்கு போதும் என்கிறார்கள். ஆனால் விலை சாதாரண கீசரைவிடப் பல மடங்கு. நமக்கு இது லாபமா?

எப்படி வேலை செய்கிறது?

கீசரில் இருப்பது காயில். 1 யூனிட் கரன்ட்டுக்கு 1 யூனிட் சூடுதான், அதுக்கு மேல் வராது. ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்குவதில்லை, இழுத்து வருகிறது. ஃப்ரிட்ஜின் வெளிப்பக்கம் கை வைத்தால் சுடுமே, அதே டெக்னிக்தான். வெளிக்காற்றின் வெப்பத்தை கேஸ் உறிஞ்ச, கம்ப்ரஸர் அதை அழுத்தி இன்னும் சூடாக்கி டேங்க் தண்ணீருக்கு ஏற்றுகிறது. இதனால் 1 யூனிட் கரன்ட்டில் சுமார் 3 யூனிட் சூடு கிடைக்கும். நம்ம ஊர் வெக்கை இதுக்கு ரொம்ப வசதி. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் பலன் குறையும்.

யாருக்கு லாபம்?

ஒரு பக்கெட், அதாவது 20 லிட்டர் தண்ணீரை 15 டிகிரி சூடேற்ற சுமார் 0.35 யூனிட் போதும். நாலு பேர் பக்கெட்டில் குளிக்கும் வீட்டில் தினமும் 1.4 யூனிட். ஹீட் பம்ப் போட்டால் மிச்சம் 1 யூனிட்கூட வராது. இரண்டு மாத பில்லில் சுமார் 300 ரூபாய். சென்னையில் வருஷம் முழுக்க வெந்நீர் போடுபவர்கள் எத்தனை பேர்? இந்த வீடுகளுக்கு நல்ல ஸ்டார் ரேட்டிங் உள்ள கீசரே போதும்.

ஷவரில் குளிக்கும் பெரிய குடும்பத்தின் கதை வேறு. தினமும் 200 லிட்டரை 20 டிகிரி சூடேற்றினால் 4.6 யூனிட் ஆகும். அதில் 3 யூனிட் மிச்சம், இரண்டு மாதத்தில் 180. பில் 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளில், அதுக்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல். ஆக, ஒரு பில்லில் 1,400 ரூபாய்க்கு மேல் மிச்சமாகலாம். ஹாஸ்டல், லாட்ஜ் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

எங்கே வைப்பது?

மூடிய பாத்ரூமில் வைத்தால் காற்று கிடைக்காது. பால்கனி, மொட்டை மாடி சரி. குளிர்ந்த காற்றை வெளியே தள்ளும், ஏசி மாதிரி தண்ணீரும் சொட்டும், சத்தமும் வரும். பெட்ரூம் ஜன்னல் பக்கம் வேண்டாம். சுவிட்ச் போட்டதும் சுடாது, சில மணி நேரம் ஆகும். மத்தியான வெயிலில் ஓடும்படி டைமர் வைத்தால் கரன்ட் இன்னும் குறையும். டேங்க்கில் சூடு மறுநாள் காலை வரை பெரும்பாலும் நிற்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போக முடியுமா என்று ஓனரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.