மரை கழலாம குழாய் மாட்டுவது எப்படி?

"ஏங் கண்ணு, மூணு வருசமா இஞ்சினீருக்குப் படிக்கறே... இந்தக் கொழா சொட்டறத நிப்பாட்டத் தெரியாதா?"

செமஸ்டர் லீவுக்கு உடுமலைப்பேட்டை வந்து இறங்கிய அன்றே அமுச்சி போட்ட குண்டு இது. பெர்னௌலி தேற்றத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன் பாஸ். ஆனா குழாய்க்குள்ள என்ன இருக்கும்? சத்தியமா தெரியாது!

'சொட்டுதானே' என்று விட்டுடாதீங்க. ராத்திரி அடியில் ஒரு வாளியை வெச்சோம். விடியறதுக்குள்ள பாதி வாளி! நல்லதண்ணி வர்ற நாளை எண்ணிக் குடம் வைக்கிற வீட்ல இது கொஞ்சமா?

ஸ்பேனரும் கையுமா களத்தில் குதிச்சேன். முதல் ரவுண்டு அம்பேல். மேல் தொட்டி வால்வை மூடணும்னு தோணவே இல்லை. தலைப்பகுதியைக் கழட்டினதும் தண்ணி பீய்ச்சி அடிக்க, நனைஞ்ச கோழி மாதிரி நின்னேன். அமுச்சிக்கு ஒரே சிரிப்பு.

ஆக, முதல் வேலை வால்வை மூடுறது. அடுத்து, சிங்க் ஓட்டையில் ஒரு துணியை அடைச்சிடுங்க. இல்லேன்னா ஸ்க்ரூ உள்ளே விழுந்து இன்னொரு ரிப்பேர் ஆரம்பிக்கும். ஸ்பேனர் பிடிக்கிற இடத்தில் பழைய துணி சுற்றினால் பளபளப்பு போகாது. இடப்பக்கமாகத் திருகினால் தண்டோடு தலை வெளியே வரும். அதோட நுனியில் இருக்கிற குட்டி ரப்பர் வாஷர்தான் வில்லன். தேய்ஞ்சு, நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும். அதையே கையோடு கடைக்கு எடுத்துட்டுப் போங்க. அளவு சொல்லி வாங்கினா ரெண்டு தடவை நடக்கணும் (நான் நடந்தேன்!). புது வாஷர் போட்டும் ஒழுகினால், அது உட்காருகிற பித்தளை விளிம்பே அரிச்சுப்போச்சுன்னு அர்த்தம். குழாயையே மாத்திடலாம். கால் சுற்றில் திறக்கிற புது மாடல் குழாயில் இந்த வாஷர் கிடையாது. உள்ளே இருக்கிற கார்ட்ரிட்ஜை முழுசா மாத்தணும்.

குழாயை மாத்தும்போது மரையில் டெஃப்லான் டேப் சுத்துவோம் இல்லையா? பாதிப் பேர் கோட்டை விடுற இடம் அது. மரையின் நுனி உங்களைப் பார்க்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டு, கடிகார முள் போற திசையில் சுத்துங்க. எதிர்த்திசையில் சுத்தினால், குழாயை முறுக்க முறுக்க டேப் பிரிஞ்சு வந்துடும். பிவிசி பைப்புன்னா பசை தடவுறதுக்கு முன்னாடி உப்புத்தாளால் லேசா தேய்ச்சு, ரெண்டு பக்கமும் தடவி, கால் சுற்று திருப்பிச் செருகி, அரை நிமிஷம் பிடிச்சிருங்க. அன்னிக்கு ராத்திரி தண்ணி விடாதீங்க. அவசரப்பட்டா மறுபடி வெட்டி ஒட்டணும்.

இதையெல்லாம் ஏன் எந்த லேபிலும் சொல்லித் தரலைன்னு எனக்குக் கடுப்பு. அப்போதான் ஜி.டி.நாயுடு ஞாபகம் வந்தார். 1893-ல் பிறந்தவர். பெரிய படிப்பு இல்லை. ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அக்கக்கா பிரிச்சு, திரும்ப மாட்டிக் கத்துக்கிட்டார். 1920-ல் அவர் முதல் பஸ்ஸை ஓட்டியது பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவில், அதாவது நம்ம ரோட்டில்! 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து கோவையில் மின் மோட்டாரே செய்தார். 1945-ல் கோவையில் இன்ஜினீயரிங் கல்லூரி வரக் காரணமாக இருந்தவர், 'நாலு வருஷப் படிப்பு வீண், ரெண்டு வருஷம் போதும்'னு பிரிட்டிஷ் அரசாங்கத்தோட மல்லுக்கட்டினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி. நாலாவது வருஷ ஃபீஸ் கட்டப்போற எங்கப்பா இதைப் படிக்காம இருக்கணும்!

ஒண்ணு மட்டும் சீரியஸா. மோட்டார் ஸ்டார்ட்டர், ஸ்விட்ச் போர்டு பக்கம் இந்தச் சோதனை வேண்டாம். அதுக்கு எலக்ட்ரீஷியன்தான்.

குழாய் நின்னுடுச்சு. அமுச்சி மூணு தடவை திறந்து மூடிப் பார்த்துட்டு, கொல்லைக் கதவைக் காட்டினாங்க. மழை பெஞ்சதில் மரம் ஊதி, கதவு இறுகிக் கிடக்கு. இழைப்புளியை எடுத்தேன். பக்கத்து வீட்டு ஆசாரி தாத்தா ஓடிவந்து தடுத்தார்.

"இப்ப எழைச்சீன்னா வெயில் காலத்துல சந்து விழும் சாமி. மொதல்ல மெழுகுவத்தி தேய்ச்சுப் பாரு."

தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்!