ஒண்ணாப்பு – 9: ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர்

கல்வி உரிமைச் சட்டத்தைப் பற்றி மேடைபோட்டுப் பேசுகிறவர்கள்கூட அதன் கடைசியில் இருக்கும் அட்டவணை வரை போவதில்லை. தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர் என்று அதில் இருக்கிறது. 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த சட்டம். தலைக்கு இத்தனை என்று பிள்ளைகளை எண்ணினார்கள், வகுப்புகளை எண்ணவில்லை. பிள்ளைகள் இருபது பேரானாலும் வகுப்பு ஐந்துதான், புத்தகம் ஐந்து விதம்தான்.

இதை இளையரசனேந்தல் பக்கம் வந்து பார்க்கவேண்டும். கோவில்பட்டிக்கு மேற்கே, பழைய ஜமீன் ஊர். முன்பு சங்கரன்கோவில் தாலுகா. பிறகு வருவாய்த்துறைக்கு மட்டும் கோவில்பட்டி, ஊராட்சி ஒன்றியத்துக்குக் குருவிகுளம் என்று பிர்காவே இரண்டாகக் கிழிந்து, ஊர்க்காரர்கள் வருஷக்கணக்கில் மனுவும் கையுமாக அலைந்தார்கள். சாதிச் சான்றிதழுக்கு ஒரு திசை, ஒன்றியப் பள்ளிக்கூடத்து ஓட்டை மாற்ற இன்னொரு திசை. அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.

சுற்றிலும் கரிசல்காடு. வானம் பார்த்த பூமி. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் ஒருகாலத்தில் விடியுமுன்னே ‘தீப்பெட்டி ஆபீஸ்’ வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அந்த வண்டிகள் நின்றுபோனது பெரிய காரியம். இப்போது காலையில் ஹாரன் அடிப்பது நர்சரிப் பள்ளி வேன். வேன் ஏற வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளும், பிடிவாதமாக அரசுப் பள்ளிக்கே அனுப்பும் சில பெற்றோரின் பிள்ளைகளுமாக ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் மிஞ்சுகிறார்கள். அப்படிப் பிள்ளைகள் குறைந்த ஊர்களில் ஈராசிரியர் பள்ளிதான். அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம், பயிற்சி என்று அவர் கிளம்பிவிட்டால் ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர்.

தமிழ்நாட்டின் தொடக்கக் கல்வியில் கடந்த இருபது வருஷமாக வந்துபோன முறைகளையெல்லாம் இந்த ஒரு டீச்சரை மனதில் வைத்துத்தான் நான் எடைபோடுகிறேன். பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் அவரை நினைத்தார்களா, இல்லையா?

ஒருமுறை நினைத்தார்கள். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலிப் பள்ளி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பத்மநாப ராவ், ரமா தம்பதி அட்டைகளால் ஆன ஒரு முறையை உருவாக்கினார்கள். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் 2003-ல் அதை 13 மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். 2007-08-ல் மாநிலம் முழுக்க ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை அதுவே செயல்வழிக் கற்றல் ஆனது.

அந்த வகுப்பறையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பெஞ்சு இல்லை, பாய். சுவரில் பிள்ளைகளின் இடுப்பு உயரத்துக்குக் கரும்பலகை, ஆளுக்கொரு பங்கு. தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் அவர்கள் வரைந்த படங்கள் தொங்கும். வருகைப் பதிவைக்கூடப் பிள்ளைகளே போடுவார்கள். சுவரில் ஏணிப்படி அட்டவணை: தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளை அதில் பார்த்து, அதற்கான சின்னம் உள்ள தட்டிலிருந்து கார்டை எடுத்துக்கொண்டு, அதற்குரிய குழுவில் போய் உட்காரும். சில குழுவில் டீச்சர் உதவுவார், சிலதில் பக்கத்துப் பிள்ளை, சிலதில் தானே. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்து எழுந்தாலும் விட்ட படியிலிருந்து தொடரலாம். ஒரு டீச்சர், நான்கு வகுப்பு என்ற நிலைமையைக் குறையாக நினைக்காமல், அதையே அஸ்திவாரமாக வைத்துக் கட்டிய முறை.

ஏன் நிலைக்கவில்லை? கார்டுகள் கிழிந்தன, தொலைந்தன. படியில் ஒரு கார்டு இல்லையென்றால் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். பிள்ளைகள் நிறைந்த பள்ளிகளில் டீச்சருக்குக் கார்டு எடுத்துக் கொடுக்கவே நேரம் சரியாக இருந்தது. ‘புஸ்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே’ என்று பெற்றோர் கேட்டார்கள். 2012-13-ல் முப்பருவ முறை வந்து புத்தகம் மறுபடி நடுவில் உட்கார்ந்தது.

கொரோனா முடிந்து, 2022 ஜூன் 13-ல் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் பிழையின்றி வாசிக்கவேண்டும், அடிப்படைக் கணக்குப் போடவேண்டும். 2025-க்குள் அதை எட்டவேண்டும் என்பது அப்போதைய இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த கல்வியாண்டில் நான்கும் ஐந்தும் சேர்ந்தன. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பிலும் இருக்கலாம். வகுப்பைவிட நிலையைப் பார்ப்பது என்ற செயல்வழிக் கற்றலின் சாரம் இதில் பிழைத்திருக்கிறது. இருக்கிற திட்டங்களில் இது நல்ல திட்டம் என்றே சொல்வேன், கல்வித்துறையின் எமிஸ் (EMIS) செயலியில் மதிப்பீடு ஏற்றியே டீச்சர் களைத்துப்போகிறார் என்ற முணுமுணுப்பையும் சேர்த்தே.

எனக்குள்ள மனக்குறை வேறு. முதல் மூன்று வகுப்புகளில் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றுக்கும் தனித்தனி இடம் கொடுத்துவிட்டு, சூழ்நிலையியலை மொழிப்பாடங்களுக்குள் கரைத்துவிட்டார்கள். எழுத்தும் எண்ணும் முதலில் வரட்டும் என்ற அவசரம் புரிகிறது. ஆனால் ஈராசிரியர் பள்ளியில் நிலை பிரிக்காமல், ஐந்து வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்து நடத்தக்கூடிய பாடம் அது ஒன்றுதான்.

தையில் வெடித்த பருத்திக் காய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், போதும். ஒண்ணாப்புப் பிள்ளை சுளைகளை எண்ணும்: மூன்று இருக்கும், நான்கு இருக்கும், சிலதில் ஐந்து. இரண்டாம் வகுப்பு, செடியில் பூ எங்கே, காய் எங்கே என்று வரைந்து பெயர் எழுதும். மூன்றாம் வகுப்பு ஒவ்வொரு சுளையிலும் கொட்டை எத்தனை என்று பிரித்து எண்ணி, கூட்டும். நான்காம் வகுப்பு, விதைத்தது எந்த மழைக்கு, எத்தனை எடுப்பு எடுத்தார்கள் என்று வீட்டில் கேட்டு எழுதிவரும். ஐந்தாம் வகுப்புக்கு எடை: கொட்டையோடு எடுத்த பருத்தியில் பஞ்சு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தேறும். பின்னம் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கவேண்டியதில்லை. வியாபாரி சொல்லும் விலைக்கும் அப்பாவின் முகத்துக்கும் உள்ள தொடர்பும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. பருத்தி போடாத காடென்றால் மக்காச்சோளக் கதிர், உளுந்து நெற்று, எதுவும் ஆகும்.

இதற்குப் புதுப் பயிற்சி நூல் அச்சடிக்கவேண்டாம். வாரத்துக்கு ஒரு மத்தியானத்தை டீச்சரிடம் விட்டுவிட்டு, அன்றைக்கு எதையும் பதிவேற்றச் சொல்லாமல் இருந்தாலே ஆகும். 2025 ஆகஸ்ட் 8-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பாடத்திட்டத்தைத் திருத்துவது பற்றிப் பேச்சு நடக்கும்போது, ஈராசிரியர் பள்ளிக்கென்று தனியாக ஒரு கால அட்டவணை போட்டுப் பார்க்கலாம். இதுவரை வந்த அட்டவணைகளில் பெரும்பாலானவை, வகுப்புக்கு ஒரு டீச்சர் இருக்கிறார் என்று நம்பிப் போட்டவை.

ஒண்ணாப்புக்கு முந்தைய கதை இன்னும் பாக்கி. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்களே, இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பியதும் அவர்கள் நீதிமன்றப் படி ஏறியதும் அடுத்த வாரம்.