பிளாஸ்டரில் நின்ற மலைகள்

சிற்பி இசாமு நொகுச்சி 1933-இல் நியூயார்க் நகரத்துக்காக ஒரு விளையாட்டிடத்தை வடிவமைத்தார். அதில் ஊஞ்சல் இல்லை, சீசா இல்லை, ஏறி விளையாடும் கம்பிகளும் இல்லை. நான்கு தெருக்களுக்கு நடுவே உள்ள ஒரு முழு மனைத்தொகுதியின் தரையே மலையாக உயரும். ஒரு பக்கம் படிகள், மறுபக்கம் சரிவு. பனிக்காலத்தில் பிள்ளைகள் அந்தச் சரிவில் சறுக்குவண்டி விடலாம், கோடையில் தண்ணீரோடு வழுக்கிக் கீழே உள்ள குளத்தில் விழலாம். ‘விளையாட்டு மலை’ என்று பெயரிட்டு, அதைப் பிளாஸ்டரில் ஒரு சிறு மாதிரியாகச் செய்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அடுத்த ஆண்டு அந்த மாதிரி, நியூயார்க் பூங்காத் துறையின் ஆணையராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த ராபர்ட் மோசஸின் முன் வைக்கப்பட்டது. பாலங்கள், நெடுஞ்சாலைகள், நீச்சல்குளங்கள், நூற்றுக்கணக்கான விளையாட்டிடங்கள் என்று நகரத்தின் முகத்தையே மாற்றியவர் மோசஸ். அவருடைய விளையாட்டிடங்களுக்கு ஓர் அச்சு இருந்தது: சமதளத் தரை, சுற்றுவேலி, வரிசையாக நட்ட இரும்புச் சாதனங்கள். மலையைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டு வெளியே அனுப்பிவிட்டார் என்று நொகுச்சி பிற்காலத்தில் எழுதினார். அந்தச் சிரிப்பை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

நொகுச்சியை உலகம் இன்று வேறு பொருள்களால் அறிகிறது. காகிதமும் மூங்கிலும் கொண்டு செய்த ‘அக்காரி’ விளக்குகள், கண்ணாடிப் பலகை வைத்த காபி மேசை, மார்த்தா கிரஹாமின் நடனங்களுக்கு அமைத்த மேடைகள், பாரிஸில் யுனெஸ்கோ தலைமையகத் தோட்டம் எல்லாம் அவர் கைவண்ணம். ஆனால் அவர் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து 1968-இல் வெளியிட்ட நூலில், செய்து முடித்தவற்றின் பக்கத்திலேயே நடக்காமல் போனவையும் சம உரிமையோடு இடம்பெறுகின்றன. நிராகரிக்கப்பட்ட திட்டங்களைப் பெரும்பாலான கலைஞர்கள் பரணில் போட்டுவிடுவார்கள். நொகுச்சி அவற்றைத் தம் படைப்புகளாகவே எண்ணினார்.

பொது இடத்துக் கலையில் நிராகரிப்பு விதிவிலக்கல்ல. ஓவியர் ஒருவர் வாங்க ஆளில்லாமலும் வரையலாம். பூங்காவைச் செதுக்க நினைப்பவருக்கு நிலம் வேண்டும். நிலம் நகராட்சியுடையது. பணம் தருபவர் வேறொருவர். தேர்வு செய்வது ஒரு குழு, பாதுகாப்புக்குப் பொறுப்பு ஒரு துறை, அதற்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் வேறு. இவர்களில் யாராவது ஒருவர் தலையசைக்க மறுத்தாலும் வேலை நின்றுவிடும். இந்த ஒவ்வொரு வாசலிலும் நொகுச்சி ஒருமுறையாவது திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார். அதனால்தான் அவருடைய கதை ஒரு தனிமனிதரின் மனக்குறையாக நின்றுவிடாமல், இந்தத் துறை இயங்கும் விதத்தையே காட்டுகிறது.

அவர் பிறப்பும் இதில் கலந்திருக்கிறது. தாய் லியோனி கில்மோர் அமெரிக்க எழுத்தாளர், தந்தை யோனே நொகுச்சி ஜப்பானியக் கவிஞர். 1904-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து, ஜப்பானில் வளர்ந்து, பதின்மூன்று வயதில் தனியாக அமெரிக்கப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். 1927-இல் பாரிஸில் சிற்பி பிரான்குசியிடம் உதவியாளராக இருந்து கல்லும் மரமும் பழகினார். எந்த நாட்டிலும் அவரை முழுதாகத் தங்கள் ஆளாக எண்ணவில்லை. இந்த உண்மை அவருடைய இரண்டு பெரிய தோல்விகளில் நேரடியாகவே வேலை செய்தது.

விளையாட்டு மலை உருவான அதே 1933-இல் இன்னும் இரண்டு யோசனைகள் பிறந்தன. ஒன்று ‘கலப்பைக்கு ஒரு நினைவுச்சின்னம்’: அமெரிக்கச் சமவெளியின் நடுவில் மண்ணால் ஆன ஒரு மாபெரும் பிரமிடு, உச்சியில் எஃகுக் கலப்பை. மற்றொன்று, பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு மின்னல் கீற்று வடிவில் ஒரு நினைவுச்சின்னம். பெரும் பொருளாதாரச் சரிவில் வேலையிழந்த கலைஞர்களுக்கு ஊதியம் தர அமெரிக்க அரசு அப்போதுதான் ஒரு திட்டம் தொடங்கியிருந்தது. மண்ணையே சிற்பமாக்கும் இந்த யோசனைகள் அந்த அதிகாரிகளைக் கவரவில்லை. அவர்கள் கேட்டது பீடத்தில் நிற்கும் உருவங்களை. நிலத்தைச் செதுக்கும் கலை அமெரிக்காவில் ஓர் இயக்கமாகப் பேசப்பட இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. சொந்த ஊரில் சுவர் கிடைக்காத நொகுச்சி 1936-இல் மெக்சிகோ நகரத்துக்குப் போய், ஒரு சந்தைக் கட்டடத்தில் சுமார் 22 மீட்டர் நீளமுள்ள சிமெண்டுப் புடைப்புச் சிற்பத்தைச் செய்தார். நியூயார்க்கில் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு ராக்ஃபெல்லர் மையத்தில் அசோசியேட்டட் பிரஸ் கட்டடத்தின் வாசல்மேல் அமைந்த எஃகுச் சிற்பம். போட்டியில் வென்று பெற்ற அந்த வேலை 1940-இல் நிறுவப்பட்டது.

ஏறக்குறைய அதே நேரத்தில் ஹவாயின் ஹொனலுலுவில் ஒரு கடற்கரைப் பூங்காவுக்காக விளையாட்டுச் சாதனங்களை வடிவமைத்தார். வெவ்வேறு உயரத்தில் தொங்கும் ஊஞ்சல்கள், சுழன்றிறங்கும் சறுக்கு என்று அவை கண்ணுக்கும் அழகானவை. அங்கே அந்த வேலை கைகூடாததால் நியூயார்க் பூங்காத் துறையிடம் கொண்டுபோனார். பிள்ளைகள் விழுந்து அடிபடுவார்கள் என்று துறை மறுத்தது. அந்த மறுப்பை நொகுச்சி எடுத்துக்கொண்ட விதம்தான் கவனிக்கத்தக்கது. விழுவதற்கு எதுவுமே இல்லாத ஒன்றைச் செய்கிறேன் பாருங்கள் என்பதுபோல், 1941-இல் தரையின் மேடுபள்ளங்களால் மட்டுமே ஆன ஒரு விளையாட்டிடத்தை வடிவமைத்தார். மெல்லிய குழிகளும் திட்டுகளும் வளைவுகளுமாக, அலை உறைந்ததுபோன்ற தரை. உருவத்தில் இது முதல் மலையைவிட நுட்பமானது. ஓர் அதிகாரியின் ஆட்சேபம் கலைக்குச் செய்த உதவி என்றே இதைச் சொல்லலாம். இதற்குத் துறையும் இசையத் தொடங்கியது. ஆனால் அந்த டிசம்பரில் ஜப்பான் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கியது, போர் எல்லாவற்றையும் நிறுத்தியது.

மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரையும் அமெரிக்க அரசு முள்வேலி முகாம்களில் அடைத்தபோது, நியூயார்க்வாசியான நொகுச்சிக்கு அந்த ஆணை பொருந்தவில்லை. இருந்தும் 1942-இல் தாமாகவே அரிசோனாவின் போஸ்டன் முகாமுக்குப் போனார். பாலைவனத்து முகாமில் பூங்காவும் விளையாட்டிடமும் நீச்சல்குளமும் அமைத்து அங்குள்ளவர்களின் வாழ்க்கையைச் சற்றேனும் தாங்கத்தக்கதாக்கலாம் என்பது நம்பிக்கை. வரைபடங்கள் தயாராயின. முகாமை நடத்தியவர்களுக்கோ அது நிலையான ஊராக மாறுவதில் விருப்பமில்லை. எதுவும் கட்டப்படவில்லை. தாமாக வந்தவருக்கு வெளியே போக அனுமதி கிடைக்கவும் மாதங்கள் ஆயின. போருக்குப் பின், 1947-இல், அவர் மணலில் ஒரு மனித முகத்தின் மாதிரியைச் செய்தார். மூக்கு மட்டுமே ஒரு மைல் நீளம் இருக்க வேண்டும் என்பது திட்டம். செவ்வாய்க் கிரகத்திலிருந்து பார்த்தால், பூமியில் ஒரு காலத்தில் மனிதர் இருந்தார்கள் என்று தெரிய வேண்டுமாம். அணுகுண்டுக்குப் பிந்தைய கசப்பு அதில் இருக்கிறது. இதற்கு யாரிடமும் அனுமதி கேட்கும் வாய்ப்பே இல்லை. எஞ்சியிருப்பது ஒரு புகைப்படம்தான்.

அணுகுண்டு அவரை ஹிரோஷிமாவுக்கும் அழைத்துச் சென்றது. அமைதிப் பூங்காவை வடிவமைத்த கட்டடக் கலைஞர் கென்சோ தாங்கே, பூங்காவுக்குச் செல்லும் இரண்டு பாலங்களின் கைப்பிடிச் சுவர்களை நொகுச்சியிடம் ஒப்படைத்தார். அவை கட்டப்பட்டு இன்றும் பயன்பாட்டில் உள்ளன. பிறகு பூங்காவின் மையத்தில் நிற்க வேண்டிய, இறந்தோருக்கான நினைவுச்சின்னத்தையும் வடிவமைக்கச் சொன்னார். கறுப்புக் கருங்கல்லில் கனத்த ஒரு வளைவு. அதன் கால்கள் தரையைத் துளைத்து இறங்கி, பூமிக்கடியில் ஓர் அறையின் தூண்களாகும். அங்கே இறந்தவர்களின் பெயர்கள் வைக்கப்படும். 1952-இல் குழு இதை நிராகரித்தது. குண்டு போட்ட நாட்டின் குடிமகன் என்பதே காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது, நொகுச்சியும் அப்படியே நம்பினார். பத்தாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினரோடு முகாமில் இருந்தவர் அவர். தாங்கே தாமே அவசரமாக வடிவமைத்த வளைவுதான் இன்று அங்கே நிற்கிறது. அதில் நொகுச்சியின் வளைவின் சாயல் இருப்பதைப் பார்த்தவர்கள் உணரலாம். கனம் மட்டும் இல்லை. இந்த ஒரு மறுப்பின் இழப்பு வேறு எதனாலும் ஈடாகவில்லை.

அதே ஆண்டுகளில் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் தலைமையகத்துக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டிடம் அமைக்கும்படி அப்பகுதிவாசிகள் சிலர் அவரை நாடினார்கள். பணம் தர ஆள் இருந்தது, இடம் இருந்தது, மோசஸும் இருந்தார். திட்டம் விழுந்தது. நவீனக் கலை அருங்காட்சியகமான மோமா அந்த மாதிரியை 1952-இல் காட்சிக்கு வைத்தது. பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்டதைப் பெரியவர்கள் பார்த்து ரசித்தார்கள்.

1960-களில் நடந்தது வேறு வகை. மோசஸ் பூங்காத் துறையை விட்டுப் போயிருந்தார். நியூயார்க்கின் ரிவர்சைடு பூங்காவில், அடீல் லெவி என்ற கொடையாளரின் நினைவாக ஒரு விளையாட்டிடத்தை நொகுச்சியும் கட்டடக் கலைஞர் லூயி கானும் சேர்ந்து வடிவமைத்தார்கள். அகமதாபாத் ஐ.ஐ.எம்., டாக்கா நாடாளுமன்றம் ஆகியவற்றைக் கட்டிய அதே கான். ஆற்றங்கரைச் சரிவுக்குள் கட்டடத்தைப் புதைத்து, அதன் கூரையையே விளையாடும் இடமாக்கும் திட்டம் அது. ஐந்து முறை மாற்றி வரைந்தார்கள். மேயர் வாக்னர் ஆதரித்தார், ஒப்பந்தமும் ஆனது. எதிர்த்தவர்கள் அக்கம்பக்கத்துக் குடியிருப்போர். மரமும் புல்லும் உள்ள பூங்காவில் கான்கிரீட் வேண்டாம் என்றார்கள், வழக்குக்கும் போனார்கள். வெளியாட்கள் வந்து குவிவார்கள் என்ற அச்சமும் அதில் இருந்தது. 1966-இல் புதிய மேயர் லிண்ட்சே திட்டத்தைக் கைவிட்டார்.

கலை வரலாறு எழுதுபவர்கள் இந்த எதிர்ப்பாளர்களை மோசஸோடு ஒரே கூண்டில் நிறுத்துவது வழக்கம். அது நியாயமல்ல. வெளியாட்கள் மீதான அச்சத்தில் குறுகிய மனம் இருந்தது உண்மை. ஆனால் நெருக்கமான நகரத்தில் இருக்கும் கொஞ்சம் பசுமையைக் காக்க நினைப்பதும் பொது நலன்தான். அவர்கள் கேள்வி கேட்டார்கள், ஐந்து வடிவங்கள் வரும்வரை பதில் பெற்றார்கள். 1934-இல் மோசஸின் அறையில் கேள்வியே எழவில்லை.

இதற்கு வெகு முன்பே, 1949-இல், நொகுச்சி ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகையில் இந்தியா வந்திருந்தார். மக்கள் கூடும் இடங்களும் நினைவுச்சின்னங்களும் எப்படி இருந்தன என்று பார்ப்பதுதான் பயணத்தின் நோக்கம். டெல்லியிலும் ஜெய்ப்பூரிலும் இரண்டாம் ஜெய்சிங் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஜந்தர் மந்தர் வானியல் கட்டுமானங்கள் அவரை ஆட்கொண்டன. வானத்தை அளக்கக் கட்டிய படிக்கட்டுகளும் வட்டச் சுவர்களும், பயனும் சிற்பமும் ஒன்றாவதற்கு அவர் தேடிய சான்றாக இருந்தன. 1986-இல் வெனிஸ் பியனாலேயில் அமெரிக்க அரங்கில் அவர் வைத்த வெள்ளைப் பளிங்குச் சறுக்கு, உள்ளே படியும் வெளியே சுழலும் சரிவுமாக, அந்த நினைவிலிருந்து வந்தது. பெயரும் ‘ஸ்லைடு மந்த்ரா’தான்.

தாமதமாகவேனும் சில கதவுகள் திறந்தன. 1976-இல் அட்லாண்டாவின் பீட்மான்ட் பூங்காவில் அவருடைய விளையாட்டிடம் திறக்கப்பட்டது. அவர் வாழ்நாளில் அமெரிக்காவில் முழுதாக முடிந்த ஒரே விளையாட்டிடம் அது. அங்கே நிற்கும் முக்கோணச் சட்ட ஊஞ்சல்களும் சுழல் சறுக்கும், ஆபத்தானவை என்று 1940-வாக்கில் தள்ளப்பட்டவற்றின் வாரிசுகள். பிலடெல்பியாவில் ஃபிராங்க்ளின் பாலத்தின் அருகே 1984-இல் மின்னல் கீற்று எழுந்தது, துருப்பிடிக்காத எஃகில், நூறு அடிக்கு மேல் உயரமாக. வரைந்து 51 ஆண்டுகள் ஆகியிருந்தன. கலப்பைப் பிரமிடு அப்படியே தங்கிவிட்டது.

1988-இல் வடக்கு ஜப்பானின் சப்போரோ நகரம் அவருக்கு ஒரு குப்பைமேட்டைக் காட்டியது. மொயெரெனுமா என்ற அந்த இடம் 188 ஹெக்டேருக்கு மேல். 27 லட்சம் டன் கழிவு அங்கே கொட்டிப் புதைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. முழுவதையும் ஒரே சிற்பமாக்கலாம் என்று நொகுச்சி முடிவு செய்தார். நவம்பரில் அவர் 84-ஆம் வயதை எட்டியபோது பூங்காவின் மாதிரி தயாராக இருந்தது. அந்த டிசம்பர் 30 அன்று நியூயார்க்கில் இறந்தார். நெடுங்காலமாக அவரோடு பணியாற்றிய கட்டடக் கலைஞர் ஷோஜி சடாவோவும் ஜப்பானியக் குழுவினரும் வேலையைத் தொடர்ந்தார்கள். பூங்கா 2005-இல் முழுமையாகத் திறந்தது. அதில் 30 மீட்டர் உயரத்தில் ஒரு விளையாட்டு மலை இருக்கிறது, ஒரு பக்கம் கல் படிகளோடு.

இதை நொகுச்சியின் வெற்றி என்று சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. அவர் விட்டுச்சென்றது மாதிரியும் வரைபடங்களும். கட்டும்போது எழுந்த எண்ணற்ற சிறு கேள்விகளுக்கு விடை சொன்னவர்கள் மற்றவர்கள். உளி பிடித்தவர் அருகில் இல்லாமல் முடிந்த சிற்பம் யாருடையது என்ற விவாதம் பொது இடத்துக் கலையில் அடிக்கடி எழுகிறது. ரிவர்சைடு பூங்காவின் ஐந்து வடிவங்களும் ஹிரோஷிமாவின் கருங்கல் வளைவும் மாதிரிகளாக இருக்கின்றன. அவற்றை இன்று யாரும் கட்ட முன்வந்தால், வாசலில் நிற்கும் முதல் கேள்வியும் அதுதான்.