மூளை ஆராய்ச்சியும் வீட்டு மேசையும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்க நெருங்க, எங்கள் வகுப்பு மாணவியர் எல்லோர் வீட்டிலும் ஒரே பேச்சுதான். "அடுத்து என்ன குரூப் எடுக்கப் போகிறாய்?" என்று அப்பா கேட்பார். "எதைப் படித்தாலும் சரி, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலையாக இருந்தால் பொம்பளைப் பிள்ளைக்கு நல்லது" என்று ஆச்சி சொல்வார்கள். 2020ஆம் ஆண்டின் கொரோனாக் காலத்திற்குப் பிறகு இப்பேச்சு அதிகமாகிவிட்டது. வீட்டிலிருந்து செய்யும் வேலை என்றால் கணிப்பொறி நிறுவன வேலை மட்டுமே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மூளையையும் நரம்புகளையும் ஆராயும் துறையிலும், புதிய மருந்துகளைச் சோதிக்கும் துறையிலும் அவ்வாறு வேலை செய்வோர் உண்டு. அது எந்த அளவு முடியும், எந்த அளவு முடியாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அருகில் ஒருவர், தொலைவில் ஒருவர்

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை 1949இல் நம் தமிழ்நாட்டில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், டாக்டர் ஜேக்கப் சாண்டி அவர்களால் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் மூளையைப் பற்றிய எல்லா வேலையும் நோயாளியின் அருகிலேயே நடந்தது. இன்று அவ்வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒன்று, நோயாளியைத் தொட்டுச் செய்யும் வேலை. மற்றொன்று, அதில் கிடைத்த படத்தையும் எண்ணையும் ஆராயும் வேலை.

இ.ஈ.ஜி. என்னும் மூளை மின்னலைப் பதிவை எடுத்துக் கொள்வோம். இதை 1924இல் முதன்முதலாக மனிதரிடம் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர். வலிப்பு நோய் உள்ள ஒரு குழந்தை மருத்துவமனைக்கு வருகிறது என்று வைத்துக் கொள்வோம். டெக்னீஷியன் குழந்தையின் தலையை நாடாவால் அளக்கிறார். குறித்த இடங்களில் பசை தடவி, சுமார் இருபது சிறு உலோகத் தகடுகளை ஒட்டுகிறார். மூளையின் மின்சாரம் ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பங்குதான். அதைக் கருவி பெரிதாக்கி அலைகளாகக் காட்டுகிறது. அந்த அலைகளை இணையத்தின் வழியே பெற்று, நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் நரம்பியல் நிபுணர் தம் வீட்டு மேசையிலிருந்தே படித்துச் சொல்ல முடியும்.

ஆனால் கண் சிமிட்டினாலும் அலை எழும். பல்லைக் கடித்தாலும் எழும். "இந்த நேரத்தில் பிள்ளை அழுதது" என்று டெக்னீஷியன் குறித்து வைக்காவிட்டால், தொலைவில் இருப்பவர் அழுகையை வலிப்பு என்று எண்ணிவிடக் கூடும். தாமிரபரணிக் கால்வாயில் தலைமடை அடைபட்டால் கடைமடை வயலுக்கு நீர் ஏது? அதுபோல, அருகில் இருப்பவரின் கவனத்தை நம்பியே தொலைவில் இருப்பவரின் அறிவு வேலை செய்கிறது.

சென்னையில் ஒரு மூளை வரைபடம்

சென்னை ஐ.ஐ.டி.யில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் என்ற ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அம்மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்னும் மூளை வரைபடத்தை வெளியிட்டது. தாயின் வயிற்றில் வளர்ந்து கொண்டிருக்கும் பருவத்து மனித மூளையை மயிரிழையைக் காட்டிலும் மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களைப் படமெடுத்து, அப்படங்களை உலகிலுள்ள எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். மூளையைப் பதப்படுத்தவும் சீவவும் சாயமேற்றவும் ஆய்வுக்கூடத்தில் கைகள் வேண்டும். படங்கள் உருவான பிறகு அவற்றைச் சேரன்மகாதேவியில் இருந்தும் பார்த்து ஆராயலாம், சிக்காகோவில் இருந்தும் ஆராயலாம்.

ஓர் ஈயின் மூளை

பழத்தில் மொய்க்கும் சிற்றீயின் முழு மூளையின் நரம்பு வரைபடம் 2024 அக்டோபரில் வெளிவந்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாலா மூர்த்தி என்ற பெண் விஞ்ஞானியும் செபாஸ்டியன் சியுங் என்பவரும் இப்பணிக்குத் தலைமை தாங்கினர். கடுகளவு கூட இல்லாத அம்மூளையில் சுமார் 1,39,000 நரம்பு உயிரணுக்கள் இருந்தன. இயந்திரம் முதலில் வரைந்த படத்தில் பிழைகள் மிகுதி. பல நாடுகளைச் சேர்ந்த விஞ்ஞானிகளும் ஆர்வமுள்ள பொதுமக்களும் தத்தம் கணிப்பொறியின் முன் அமர்ந்து, ஒவ்வோர் இழையாகப் பார்த்துத் திருத்தினார்கள். ஒருவரே செய்திருந்தால் சுமார் 33 ஆண்டுகள் பிடித்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது இதுதான் போலும்!

தூரமும் நன்மையே

தொலைவில் இருந்து ஆராய்வது ஒரு குறை என்று நாம் எண்ணலாம். மருந்துச் சோதனையில் அது பல வேளைகளில் நன்மையாகவே அமைகிறது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம் ஒரு கேள்விக்கு விடை தேடியது. காசநோயாளிகளை ஆரோக்கிய நிலையத்தில் தங்க வைத்துத்தான் குணப்படுத்த முடியுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா என்பதே அக்கேள்வி. 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஓராண்டு சிகிச்சை அளித்தார்கள். அவர்களுடைய எக்ஸ்ரே படங்களைப் படித்தவருக்கு, எவர் வீட்டில் இருந்தவர், எவர் நிலையத்தில் இருந்தவர் என்பது தெரியாது. ஆகவே அவர் மனம் எந்தப் பக்கமும் சாயவில்லை. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே அளவு பலன் தந்தது என்ற முடிவு 1959இல் வெளியாகி, உலகெங்கும் காசநோய் மருத்துவத்தையே மாற்றியது. நோயாளியைப் பாராதவர் நடுநிலையோடு தீர்ப்புச் சொல்லலாம் என்ற அந்த எண்ணம் இன்றும் மருந்துச் சோதனையின் அடித்தளமாக இருக்கிறது.

என்னென்ன வேலைகள்?

இன்றைய மருந்துச் சோதனையில் பல மருத்துவமனைகளிலிருந்து எண்கள் வந்து சேரும். ஒரு நோயாளியின் எடை 45 கிலோ என்பதற்குப் பதில் 450 என்று பதிவாகியிருந்தால், அதைக் கண்டுபிடித்து மருத்துவமனைக்குக் கேள்வி அனுப்புபவர் ஒருவர். எல்லா எண்களையும் கூட்டிக் கழித்து, மருந்து பலன் தந்ததா என்று கணக்கிடும் புள்ளியியல் அறிஞர் ஒருவர். முடிவுகளை அறிக்கையாக எழுதுபவர் ஒருவர். மருந்தின் தீய விளைவுகளைக் கண்காணிப்பவர் இன்னொருவர். சோதனையில் பங்கு பெறுபவருக்குக் கடுமையான தீங்கு நேர்ந்தால், 24 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டின் விதி. இவர்களில் பலர் வீட்டில் இருந்தே பணியாற்ற முடிகிறது. மருத்துவம் படித்தவர் மட்டுமல்லாமல், நர்ஸிங், பார்மஸி, உயிரியல், புள்ளியியல், கணிப்பொறி படித்தவர்களும் இவ்வேலைகளுக்கு வருகிறார்கள். கணக்கில் ஆர்வமுள்ள தோழியர் இதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வேலைக்கு ஓர் ஒழுக்கமும் உண்டு. நோயாளியின் பெயருக்குப் பதில் ஓர் எண்ணே எழுதப்பட்டிருக்கும். என்றாலும் அது ஒரு மனிதருடைய நோயின் இரகசியம். வீட்டில் வேலை செய்பவர் அதைக் கூடத்தில் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கலாகாது. ஆகவே ஒரு தனி அறை வேண்டும், பூட்டு வேண்டும், அந்த நேரத்தில் "சமையலைக் கொஞ்சம் பாரேன்" என்று அழைக்காத குடும்பமும் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இதுவரை படித்த பெற்றோர், "அப்படியானால் பிள்ளையை வெளியூர் அனுப்பவே வேண்டாம்" என்று மகிழக் கூடும். அவர்களிடம் பணிவுடன் ஒன்று சொல்ல வேண்டும். வேலையை வீட்டிலிருந்து செய்யலாம். அந்த வேலைக்குரிய கல்வியை வீட்டிலிருந்து முழுவதும் பெற முடியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நூறு குழந்தைகளின் தலையில் தகடு ஒட்டுவதை அருகில் நின்று பார்த்தவருக்குத்தான், திரையில் தெரியும் அலை நோயா, அழுகையா என்று புரியும். வார்டில் நோயாளியின் வாயிலிருந்து வேதனையைக் கேட்டவருக்குத்தான், தாளில் உள்ள எண் பொருந்தாமல் இருப்பது கண்ணில் படும்.

நம் பாளையங்கோட்டையிலேயே 1965 முதல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆயினும் இடம் எல்லோருக்கும் இங்கேயே கிடைத்துவிடாது. சிலர் மதுரைக்கோ, வேலூருக்கோ, பெங்களூருக்கோ சென்று விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டியிருக்கும். அந்தச் சில ஆண்டுகளை மறுத்துவிட்டு, பின்னால் வரும் வீட்டு வேலையை மட்டும் எதிர்பார்ப்பது, நாற்று நடாமல் அறுவடைக்கு அரிவாள் தீட்டுவது போலாகும்.

அவ்வாறு சென்று கற்றவர் திரும்பி வர வழியும் இருக்கிறது. முன்பு திருமணமானதும், குழந்தை பிறந்ததும், வயதான பெற்றோரைக் கவனிக்க நேர்ந்ததும் படித்த பெண்கள் பலர் வேலையை விட்டார்கள். படிப்புச் சான்றிதழ் பீரோவில் உறங்கியது. இனி அப்படி ஆக வேண்டியதில்லை. கற்ற கையும் நல்ல இணைய இணைப்பும் இருந்தால், ஆற்றங்கரை ஊரில் இருந்துகொண்டே உலகின் ஆராய்ச்சியில் பங்கு கொள்ளலாம்.

ஆகவே, மாணவத் தோழியரே! "வீட்டில் இருக்கலாம்" என்பதற்காக ஒரு துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மூளை என்னும் அதிசயத்தை அறியும் ஆவலாலும், நோயுற்றோரின் துயர் தீர்க்கும் ஆசையாலும் தேர்ந்தெடுப்போம். முதலில் துணிந்து சென்று கற்போம். பிறகு எங்கிருந்து உழைப்பது என்பதை நாமே முடிவு செய்வோம்.