போடிமெட்டு: காட்சியும் எல்லையும்

கிழக்கே பாருங்கள். 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் போகின்றன. பனி விலகினால் போடிநாயக்கனூர் தெரியும். முதுகுக்குப் பின்னால் ஏலத்தோட்டங்கள், கேரளத்தின் இடுக்கி மாவட்டம்.

இந்த மலைப்பகுதியின் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழரே பெரும்பான்மை, அவை தமிழகத்தோடு சேரவேண்டும் என்று வாதாடியது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். 1954 ஜூலையில் தேவிகுளம் பகுதியில் தடையை மீறி அக்கட்சித் தலைவர்களில் ஒருவரான நேசமணியும் தோழர்களும் கைதானார்கள். அதே போராட்டத்தில், ஆகஸ்ட் 11 அன்று தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. மாநில மறுசீரமைப்பு ஆணையமோ, தமிழரில் பலர் தோட்டவேலைக்கு வந்துபோகிறவர்கள் என்று கருதி, இரு தாலுகாக்களையும் கேரளத்துக்கே விட்டது. தலைமுறைகளாகத் தேயிலை கிள்ளியவர்களை அப்படி எண்ணியது நியாயமில்லை.

மலைக்கு மேற்கே வேறு நினைவு: உணவுப் பஞ்ச காலத்தில் காடு திருத்திக் குடியேறிய விவசாயிகளின் மண் இது. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த நவம்பர் 1 அங்கே கேரளப் பிறவி நாள். தமிழ்நாட்டில் எல்லைப் போராட்டத் தியாகிகள் நாள். இவர்கள் எல்லோருக்கும் முன்பே இங்கு வாழ்ந்த முதுவர், மன்னான் மக்களுக்கு இரண்டு கதைகளிலும் இடம் குறைவு.

காலையில் போடியிலிருந்து ஏறும் ஜீப்புகளில் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் வருவார்கள். வளைவுகளில் வண்டியை நிறுத்தாமல் அவர்களுக்கு வழிவிடுங்கள்.