ஓர் இரவுப் பூவும் மழைக்கு முந்திய பழமும்

அமெரிக்காவின் அரிசோனா, மெக்சிகோவின் சோனோரா. இந்த இரண்டு மாநிலங்களில் பரந்து கிடக்கும் சோனோரப் பாலைவனம்தான் சவாரோ கள்ளியின் ஊர். நாற்பது அடி உயரம், கைகளைத் தூக்கி நிற்கும் தோற்றம். மே மாதம் பொழுது சாய்ந்ததும் அதன் உச்சியில் வெள்ளைப் பூக்கள் விரியும். மறுநாள் பிற்பகலில் மூடிக்கொள்ளும். டிராகன் பழத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரவுப் பழக்கம் தெரிந்திருக்கும். இரண்டும் ஒரே குடும்பம்.

தன் மகரந்தம் தனக்கே உதவாது. இன்னொரு சவாரோவிலிருந்து வந்தால்தான் காய் பிடிக்கும். மெக்சிகோவிலிருந்து வடக்கே பறந்து வரும் வௌவால்கள், தேனுக்காகப் பூவுக்குள் முகம் புதைத்து, தலை நிறைய மஞ்சள் தூளோடு அடுத்த கள்ளிக்குப் போகின்றன. விட்ட குறையை விடிந்தபின் புறாக்களும் தேனீக்களும் முடிக்கின்றன.

பழம் பழுக்கும் நேரம்தான் எனக்குப் பெரிய வியப்பு. ஜூன் கடைசி, நிலம் காய்ந்து வெடிக்கும் காலம். வேறெதுவும் கிடைக்காத அந்த நாட்களில் சிவந்த சதையும் கறுப்பு விதைகளுமாகப் பழம் பிளந்து நிற்கிறது. ஒரு பழத்தில் இரண்டாயிரம் விதை வரை இருக்கும். தின்ற பறவைகள் விதைகளை எங்கெங்கோ போட்டுவிட்டுப் போக, ஜூலையில் பருவமழை வந்து சேர்கிறது.

அங்கே காலங்காலமாக வாழும் தொஹோனோ ஓஓதம் மக்களுக்கு இந்த அறுவடையோடுதான் புத்தாண்டு. செத்துக் காய்ந்த சவாரோவின் உள்கட்டைகளைச் சேர்த்துக் கட்டினால் துரட்டி. பூவின் காய்ந்த அடிப்பாகமே தோலைக் கீறும் கத்தி. சதையை வழித்தபின் தோலைத் தூக்கி எறிவதில்லை. சிவந்த உட்பக்கம் வானத்தைப் பார்க்கும்படி மண்ணில் வைப்பார்கள், மழையை அழைக்க. சாற்றைப் பாகாகக் காய்ச்சி, அதில் ஒரு பங்கைப் புளிக்கவைத்து மழைச் சடங்கில் குடிப்பார்கள்.

விழும் விதைகளில் பிழைப்பவை மிகச் சில. அவையும் ஏதாவதொரு மரத்தடி நிழலில்தான் பிழைக்கும். அப்படித் தாய்மடி தரும் மரங்களில் ஒன்று மெஸ்கீட், நம் ஊரில் பெயர் கெட்டுப்போன சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு! எட்டு வயதில் கள்ளிக்கு உயரம் ஒன்றரை அங்குலம்கூட இராது. முதல் பூ பூக்க முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகும்.

கொங்குநாட்டில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் காங்கேயம் மாடுகள் விரும்பி மேயும் கொழுக்கட்டைப் புல்தான் அங்கே சவாரோவுக்கு எமன். 1930களில் மாட்டுத் தீவனத்துக்கென்று ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோன புல், வெற்றிடம் விட்டு வளர்ந்த பாலைச் செடிகளுக்கு நடுவே அடர்ந்துவிட்டது. காய்ந்தால் தீயைக் கள்ளியின் அடிவரை கொண்டுபோகும். சவாரோவுக்கோ தீயைத் தாங்கிப் பழக்கமே இல்லை. அதனால் தன்னார்வலர்கள் கடப்பாரையோடு மலைச்சரிவுகளில் ஏறி, அந்தப் புல்லைத் தூர் தூராகப் பெயர்த்தெடுக்கிறார்கள்.